ரெண்டாங்கட்டில் ஒரு பிபிசி மைக்ரோ: எஸ்டி கார்டும் வைஃபை மோடமும்

மெஷின்: ஏக்கார்ன் தயாரித்த பிபிசி மைக்ரோ, மாடல் பி. 2 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 6502ஏ பிராசஸர், 32 கேபி ரேம், ஓஎஸ் 1.20. ஃபிளாப்பி கன்ட்ரோலர் கிடையாது, கேசட் மட்டும்தான். இடம்: காரைக்குடிப் பக்கம் ஒரு பெரிய வீட்டின் ரெண்டாங்கட்டு அறை. மெஷினை வைத்திருப்பவர்களுக்கு வேண்டியது இரண்டு. கேசட்டுக்குப் பதிலாக எஸ்டி கார்டு. டெலிபோன் மோடம் உட்கார வேண்டிய இடத்தில் வைஃபை. இதற்கு ஒரு நிபந்தனை: போர்டில் ஒரு தடம்கூட வெட்டக் கூடாது, பெட்டியில் ஓட்டை போடக் கூடாது. சேர்த்ததை எல்லாம் உருவிவிட்டால் மெஷின் பழையபடி நிற்க வேண்டும்.

பாகங்களைத் தேர்ந்தெடுத்தது அந்த நிபந்தனைதான். ஃபிளாப்பி வழியில் போனால் இன்டெல் 8271 சிப் வேண்டும், இல்லையென்றால் 1770 சிப் வைத்த துணைப் போர்டு வேண்டும். 8271 உற்பத்தி நின்று எத்தனையோ வருடமாகிறது. கிடைத்தாலும் விலை கையைச் சுடும். 1770 போர்டு என்றால் மெயின் போர்டில் லிங்குகளை மாற்ற நேரிடும். வெளிச் சாதனங்களை இணைக்க மெஷினின் அடியில் இருக்கும் யூசர் போர்ட்டில் எஸ்டி கார்டு என்றால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அடியில் ஒரு ரிப்பன் கேபிள், உள்ளே ஒரு ரோம் சிப், அவ்வளவுதான்.

இங்கிலாந்தில் 1981 டிசம்பரில் வெளிவந்த மெஷின் இந்தப் பக்கம் கிடைப்பதில் அதிசயமில்லை. 1984-இல் மத்திய அரசு தொடங்கிய 'கிளாஸ்' பள்ளிக் கணினித் திட்டத்துக்கு வந்தவை பிபிசி மைக்ரோக்கள்தாம். பிறகு மொகாலியில் எஸ்சிஎல் நிறுவனம் இதையே 'யூனிகார்ன்' என்ற பெயரில் கொண்டுவந்தது. பழைய சாமான் வாங்கி விற்பதற்குப் பேர்போன ஊர் காரைக்குடி. முனீஸ்வரன் கோயில் தெருவில் எனாமல் தூக்கையும் தேக்குப் பெட்டியையும் புரட்டுகிறவர்கள், சாம்பல் வெள்ளைப் பெட்டியும் சிவப்பு ஃபங்ஷன் கீகளும் கண்ணில் பட்டால் ஒரு நிமிடம் நின்று பார்ப்பது நல்லது.

பவர் சப்ளை: சுவிட்ச் போடுவதற்கு முன்பே

நாற்பது வருட மெஷின் கைக்கு வந்ததும் பிளக்கைச் செருகிப் பார்க்கக் கை துறுதுறுக்கும். செய்யக் கூடாது. இதன் பவர் சப்ளையில் மெயின்ஸுக்குக் குறுக்கே இரண்டு எக்ஸ்2 வகைக் கெப்பாசிட்டர்கள் இருக்கின்றன, ஒன்று 0.1 மைக்ரோஃபாரட், மற்றது 0.01. பெரும்பாலான மெஷின்களில் இவை ரீஃபா தயாரிப்பு. தேன் நிறத்தில் கண்ணாடி போன்ற உறை, உள்ளே உலோகம் பூசிய காகிதம். வருடங்கள் ஆக ஆக உறையில் மயிரிழை விரிசல் விழும், அதன் வழியாக ஈரம் காகிதத்துக்குள் இறங்கும். மெயின்ஸ் ஏறிய சில நிமிடங்களிலிருந்து அரைமணி நேரத்துக்குள் வெடித்து அறை முழுக்கப் புகையும் தாங்க முடியாத நாற்றமும் பரவும். வேடிக்கை என்னவென்றால் மெஷின் அப்போதும் ஓடிக்கொண்டேயிருக்கும். இந்தக் கெப்பாசிட்டர்கள் மின் இரைச்சலை வடிகட்டத்தான் இருக்கின்றன, 5 வோல்ட் உண்டாக்க இவை தேவையில்லை.

மேல்மூடியைப் பிடித்திருக்கும் நான்கு ஸ்க்ரூக்களுக்கும் பக்கத்தில் 'ஃபிக்ஸ்' என்று அச்சிட்டிருக்கும். பின்பக்கம் இரண்டு, அடியில் இரண்டு. பவர் சப்ளைப் பெட்டி இடது ஓரம். அதை அடியிலிருந்து மூன்று ஸ்க்ரூக்கள் பிடித்திருக்கின்றன. கழற்றியதும் பெரிய கெப்பாசிட்டரில் மின்சாரம் மிச்சம் நிற்கிறதா என்று மீட்டரில் பார்த்துவிட்டே கை வைக்க வேண்டும்.

மாற்றும்போது எக்ஸ்2 என்று அச்சிட்ட, 275 வோல்ட் ஏசி தாங்கும் கெப்பாசிட்டரே போட வேண்டும். கடையில் கேட்டால் ஃபேன் ரெகுலேட்டருக்குப் போடும் சாதாரண 400 வோல்ட் பாலியெஸ்டரை எடுத்து நீட்டுவார்கள். அளவு ஒத்துப்போகும், வோல்ட்டேஜும் அதிகமாகவே எழுதியிருக்கும். ஆனால் அந்த 400 டிசி கணக்கு. மெயின்ஸுக்குக் குறுக்கே அது கெட்டுப்போகும்போது ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம். எக்ஸ்2 வகையை அப்படி ஆகாதபடி செய்திருப்பார்கள். கூடவே 220 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் ஒன்றும் இருக்கிறது. அது காய்ந்துபோனால் சப்ளை கிளம்பாது, கிளம்பினாலும் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருக்கும். பெட்டியைத் திறந்த கையோடு அதையும் மாற்றிவிடுவது மிச்சம்.

முதல் தடவை மின்சாரம் கொடுக்கும்போது போர்டு இணைந்திருக்கக் கூடாது. இது சுவிட்ச் மோடு சப்ளை, சுமை இல்லாவிட்டால் சரியாகக் கிளம்பாது. 5 வோல்ட் கம்பிகளில் 12 வோல்ட் 21 வாட் பைக் இண்டிகேட்டர் பல்பு ஒன்றைச் சுமையாகப் போட்டு, மெயின்ஸில் 100 வாட் சீரிஸ் பல்பு வைத்துச் சுவிட்ச் போடலாம். சீரிஸ் பல்பு ஒரு கணம் மின்னி அடங்கினால் நல்லது. பிரகாசமாக நின்று எரிந்தால் உள்ளே ஷார்ட். 4.9-லிருந்து 5.1 வோல்ட்டுக்குள் வந்தால் போதும். ஊதா நிறக் கம்பியில் மைனஸ் 5 வோல்ட் வர வேண்டும். பலர் இதை அளப்பதேயில்லை. இது இல்லாமலும் மெஷின் எழுந்து பேசிக் காட்டும். மோடம் வேலைக்கு வரும்போதுதான் காலை வாரும். சீரியல் போர்ட்டை ஓட்டும் டிஎஸ்3691 டிரைவருக்கு இந்த மைனஸ் 5 தேவை.

போர்டில் இணைத்த பிறகு தாழ்ந்த சுதியில் ஒரு 'பூ', உடனே உயர்ந்த 'பீப்'. இரண்டும் கேட்டால் மெஷின் எழுந்துவிட்டது. ஒரே சுதியில் ஓயாமல் கத்தினால் பிராசஸர் சவுண்ட் சிப்பை அடக்கும் கட்டத்துக்கே வரவில்லை என்று அர்த்தம். இந்த மெஷின் முதலில் அப்படித்தான் கத்தியது. காரணம் சிப் எதுவும் கெட்டதல்ல. பவர் கம்பிகளின் ஸ்பேட் கனெக்டர்கள் தளர்ந்து, சப்ளையில் 5.05 வோல்ட் இருந்தும் போர்டில் 4.6 மட்டுமே வந்துகொண்டிருந்தது. கனெக்டர்களைக் குறடால் இலேசாக அழுத்தி, சாக்கெட்டில் உட்கார்ந்த சிப்புகளை ஒவ்வொன்றாகப் பாதி தூக்கி மறுபடி அமுக்கியதும் சரியாகிவிட்டது. பழைய சிப்புகளின் வெள்ளி முலாம் பூசிய கால்கள் கறுத்துப்போயிருக்கும். தொடர்பு மீண்டும் கிடைக்க அந்த ஒரு உரசலே போதும்.

யூசர் போர்ட்டுக்கு உயிர் இருக்கிறதா

கார்டை இணைப்பதற்கு முன் 6522 சிப்பைச் சோதிக்க வேண்டும். யூசர் போர்ட்டை நடத்துவது போர்டில் ஐசி 69 என்று எண்ணிட்ட 6522. மாடல் ஏ-யில் இந்தச் சிப்பே கிடையாது. அது உள்ளவர்கள் முதலில் ஒன்று வாங்கிச் செருக வேண்டும். பேசிக்கில் ?65122=255 என்று அடித்தால் எட்டுக் கால்களும் வெளியீடாக மாறும். பிறகு ?65120=255 என்றால் எல்லாம் மேலே, ?65120=0 என்றால் எல்லாம் கீழே. யூசர் போர்ட்டின் 6, 8, 10 என்று 20 வரையுள்ள இரட்டைப்படைக் கால்களை மீட்டரில் தொட்டுப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஏதாவது ஒரு கால் நகராமல் நின்றால் சிப்பை மாற்றுவதே வழி. புதிதாகக் கிடைப்பது டபிள்யூடிசி தயாரிப்பு 65சி22. அதில் 'என்' எழுத்துள்ளதைத்தான் வாங்க வேண்டும். 'எஸ்' எழுத்துள்ளதன் இன்டரப்ட் கால், கம்பியைக் கீழே இழுப்பதோடு நிற்காமல் மேலேயும் தள்ளும். இந்த போர்டில் அதே கம்பியை வேறு சிப்புகளும் கீழே இழுக்கும். இரண்டும் மல்லுக்கு நிற்கும்.

எஸ்டி கார்டு: முதல் முயற்சி ஏன் தோற்றது

எம்எம்எஃப்எஸ் என்ற ரோம் மென்பொருள் யூசர் போர்ட்டின் சில கால்களை வைத்து எஸ்டி கார்டோடு எஸ்பிஐ முறையில், அதாவது கடிகாரத் துடிப்புக்கு ஒரு பிட்டாக, பேசும். பிபி0 கால் வழியாகக் கார்டுக்குத் தரவு போகும், பிபி1 கடிகாரம், சிபி2 கார்டிலிருந்து வரும் தரவு. சிபி1 கால் பிபி1-உடன் இணைய வேண்டும். 6522-இன் ஷிஃப்ட் ரெஜிஸ்டர் அந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் உள்ளே வரும் பிட்டுகளைச் சேர்க்கிறது. இந்த ஒரு இணைப்பை விட்டுவிட்டால் கார்டு பேசும், மெஷினுக்குக் காது கேட்காது.

கார்டு 3.3 வோல்ட், போர்ட்டு 5 வோல்ட். முதல் முயற்சியில் ரெசிஸ்டர் வைத்துப் பிரித்தார்கள்: 1.8 கே தொடரில், 3.3 கே தரைக்கு (கிரவுண்டுக்கு). காகிதத்தில் கணக்கு அழகாக வருகிறது, 5 வோல்ட் போனால் 3.24 வரும். கார்டு பத்துத் தடவையில் இரண்டு தடவை தெரிந்தது, எட்டுத் தடவை தெரியவில்லை. தெரிந்தபோதும் பாதிப் பட்டியலில் நின்றுபோனது.

பழி கார்டின் மேல் விழுந்தது. மூன்று கார்டு மாற்றியாகிவிட்டது. உண்மையில் கோளாறு அந்த 5 வோல்ட் என்ற அனுமானத்தில். பழைய 6522 என்மாஸ் என்ற பழைய தொழில்நுட்பத்தில் செய்த சிப். கீழே இழுப்பதில் கெட்டி, மேலே தள்ளுவதில் சவலை. 100 மைக்ரோஆம்பியர் எடுக்கும்வரை 2.4 வோல்ட் தருவேன் என்பதுதான் டேட்டாஷீட் தரும் உத்தரவாதம். 1 மில்லிஆம்பியர் எடுத்தால் 1.5 வோல்ட்டுக்கு மேல் எதையும் அது சொல்வதில்லை. இந்த இரண்டு ரெசிஸ்டரும் சேர்ந்து 5.1 கே, 2.4 வோல்ட்டிலேயே 470 மைக்ரோஆம்பியர் இழுக்கும். கால் 2.4-இல் நின்றது என்றே வைத்துக்கொண்டாலும் கார்டுக்குப் போய்ச் சேருவது 1.55 வோல்ட். கார்டு 'ஒன்று' என்று ஏற்க வேண்டுமென்றால் அதன் சப்ளையில் 0.625 பங்கு, அதாவது 2.06 வோல்ட் வேண்டும். சில 6522-கள் உத்தரவாதத்தை மீறி நன்றாகவே தள்ளும். அதனால்தான் இதே சுற்று ஒருவர் மெஷினில் ஓடும், அடுத்தவர் மெஷினில் ஓடாது. இருவரும் கார்டு பிராண்டைப் பற்றிச் சண்டை போடுவார்கள்.

தீர்வு 74எல்விசி125 பஃபர். 3.3 வோல்ட்டில் ஓடும்போதும் இதன் உள்ளீடு 5 வோல்ட்டைத் தாங்கும், 2.0 வோல்ட்டுக்கு மேல் எது வந்தாலும் 'ஒன்று' என்று எடுத்துக்கொள்ளும், 6522-இலிருந்து கிட்டத்தட்ட எதையும் இழுக்காது. தனியாக வாங்கிச் சால்டர் வைக்கக்கூடத் தேவையில்லை. ஆர்டுயினோவுக்கென்று விற்கும் ஆறு கால் மைக்ரோ எஸ்டி மாட்யூலில் இந்தச் சிப்பும் 3.3 வோல்ட் ரெகுலேட்டரும் சேர்ந்தே இருக்கும். சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும், தபாலிலும் வரும். வாங்கும்போது 14 கால் சிப் ஒன்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது இல்லாமல் வெறும் ரெசிஸ்டர் வைத்த மலிவு மாட்யூல்களும் உண்டு, அவை 3.3 வோல்ட் மெஷின்களுக்கானவை.

இணைப்பு, யூசர் போர்ட்டின் கால் எண்ணில்:

1 – மாட்யூலின் 5 வோல்ட்
5 – தரை
4 (சிபி2) – மிசோ
6 (பிபி0) – மோசி
8 (பிபி1), 2 (சிபி1) இரண்டும் சேர்த்து – கடிகாரம்
மாட்யூலின் சிஎஸ் (கார்டைத் தேர்ந்தெடுக்கும்) கால் – தரை

கார்டு ஒன்றே ஒன்றுதான் என்பதால் சிஎஸ் காலைத் தரையில் கட்டிப்போடலாம். இந்த மாட்யூல்களில் மிசோ வரியின் பஃபர் எப்போதும் திறந்தே இருக்கும் என்று ஒரு குறை சொல்வார்கள். வேறு எஸ்பிஐ சாதனம் அதே கம்பியைப் பகிர்ந்தால்தான் அது குறை; இங்கே அதனால் ஒன்றுமில்லை.

கேபிள் 15 சென்டிமீட்டர் போதும். முதலில் போட்டிருந்தது 60 சென்டிமீட்டர் ரிப்பன், கார்டை மேசைமேல் கண்ணில் படும்படி வைக்கும் ஆசையில். நீண்ட ரிப்பனில் கடிகார விளிம்பு துள்ளும், ஒரு துடிப்பை இரண்டாக எண்ணிவிட்டால் அதற்குப் பின் வரும் எல்லாப் பிட்டும் ஒரு இடம் நகர்ந்துவிடும். மாட்யூலின் 5 வோல்ட்டுக்கும் தரைக்கும் குறுக்கே 10 மைக்ரோஃபாரட் ஒன்றும் போட்டார்கள். கார்டு எழுதும் நேரத்தில் சட்டென்று மின்சாரம் இழுக்கும்.

அடியில் உள்ள போர்ட்டுகளில் பிளக் தலைகீழாகப் போய்விடுமோ என்று பயப்படுவது இயல்பு. 20 கால் பிளக்கைத் திருப்பிச் செருகினால் 1-ஆம் கம்பி 20-இல் உட்காரும், 5-ஆம் கம்பி 16-இல். மாட்யூலுக்குப் பவரே போகாது, சமிக்ஞைக் கம்பிகள் தரையில் நிற்கும். கார்டு தெரியாது, ஆனால் எதுவும் எரியாது. யூசர் போர்ட்டில் நேரும் தப்புக்குத்தான் இந்த மன்னிப்பு. பக்கத்தில் இருக்கும் மற்றப் போர்ட்டுகளுக்குப் பொருந்தாது.

ரோமும் கார்டும்

எம்எம்எஃப்எஸ் 16 கேபி ரோமாக உள்ளே உட்கார வேண்டும். மாடல் பி-யில் சைடுவேஸ் ரோம் (ஒரே முகவரி இடத்தை மாறி மாறிப் பகிரும் ரோம்) சாக்கெட் நான்கு: ஐசி 52, 88, 100, 101. ஒன்றில் பேசிக் இருக்கும். இவை வலது முன்மூலையில், பாதி கீபோர்டுக்கு அடியில். கீபோர்டின் நட்டுகளைக் கழற்றி முன்னால் நகர்த்தினால்தான் கை நுழையும். புதிய சிப்பின் வெட்டு, பக்கத்துப் பேசிக் சிப்பின் வெட்டு பார்க்கும் திசையையே பார்க்க வேண்டும்.

பழைய 27128 எப்ராம் கிடைத்தால் சரி, ஆனால் அழிக்க அல்ட்ராவயலட் விளக்கு வேண்டும். வின்பாண்ட் டபிள்யூ27சி512 புரோகிராமரிலேயே அழியும், அதனால் அதுதான் தேர்வு. அது 64 கேபி. சாக்கெட் பார்ப்பதோ 16. இந்த சாக்கெட்டில் கூடுதல் முகவரிக் கால்கள் எந்த நிலையில் நிற்கும் என்று யோசித்துக்கொண்டிருப்பதை விட, ஒரே 16 கேபி கோப்பை நான்கு தடவை அடுக்கி எழுதிவிடுவது நல்லது. நான்கில் எந்தப் பகுதியைப் பார்த்தாலும் அதே நிரல்தான். 28சி256 வைத்திருப்பவர்கள் இரண்டு தடவை எழுதினால் போதும்.

கார்டை ஃபேட்32 ஆக ஃபார்மேட் செய்ய வேண்டும். 64 ஜிபி கார்டுகள் எக்ஸ்ஃபேட் ஆகத்தான் வரும், அதை எம்எம்எஃப்எஸ் படிக்காது. 2 ஜிபி கார்டு ஒன்று பழைய போனில் கிடந்தால் அதுவே தாராளம். கார்டில் இருக்க வேண்டியது 'பீப்' என்ற பெயரும் 'எம்எம்பி' என்ற பின்னொட்டும் கொண்ட ஒரே கோப்பு; அதற்குள் 511 டிஸ்க் பிம்பங்கள் (ஃபிளாப்பியின் முழு நகல்கள்). ஒவ்வொன்றும் 80 டிராக், டிராக்குக்கு 10 செக்டர், செக்டருக்கு 256 பைட்: 2,04,800 பைட். மொத்தம் சுமார் 105 எம்பி. கோப்பு கார்டில் துண்டுபடாமல் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். ஃபார்மேட் செய்தவுடன் முதல் கோப்பாக இதைப் போட்டால் தானாகவே அப்படி அமையும். படங்களும் பாட்டும் இருந்த கார்டில் அவற்றை அழித்துவிட்டு இதைப் போடுவதில்தான் வில்லங்கம். பட்டியல் ஒழுங்காக வரும், உள்ளே உள்ள நிரல்கள் குப்பையாக இருக்கும்.

*டிகேட் என்றால் பிம்பங்களின் பட்டியல். *டிஇன் 0 23 என்றால் 23-ஆம் பிம்பம் டிரைவ் 0-வில் ஏறும். ஷிஃப்டை அழுத்தியபடி பிரேக்கைத் தட்டினால் அதிலுள்ள தொடக்க நிரல் தானாக ஓடும்.

கேசட்டுகளை கார்டுக்கு மாற்றும்போது மூன்று இடறல்கள். கேசட்டில் கோப்புப் பெயர் 10 எழுத்து வரை போகும், டிஸ்க்கில் 7 மட்டுமே. ஒரு நிரல் அடுத்ததைப் பெயர் சொல்லி அழைத்தால் அந்த வரியையும் திருத்த வேண்டும். ஒரு பிம்பத்தில் 31 கோப்புக்கு மேல் நிற்காது, ஆகவே ஒரு கேசட்டுக்கு ஒரு பிம்பம் என்று வைப்பது வசதி. மூன்றாவதுதான் தலைவலி. கேசட் மட்டும் இருந்தபோது பேசிக் நிரல் 3584-ஆம் முகவரியில் தொடங்கும். எம்எம்எஃப்எஸ் தன் வேலைக்கு இடம் எடுத்துக்கொள்வதால் அது 6400-க்கு நகரும், 2,816 பைட் போய்விடும். மோடு 7 என்ற டெலிடெக்ஸ்ட் எழுத்துத் திரையில் 28,160 பைட்டாக இருந்தது 25,344 ஆகும். பெரிய நிரல்கள் 'நோ ரூம்' என்று நிற்கும். ஏற்றிய பின் நிரலைக் கீழே நகர்த்தி ஓட்டும் சிறு துண்டு ஒன்றை அவற்றின் முன்னால் சேர்க்க வேண்டும். ஓடத் தொடங்கியதும் அந்த நிரல் கார்டைத் தொடக் கூடாது.

மோடம்

பிபிசி மைக்ரோவில் மோடம் என்றால் அந்தக் காலத்தில் பிரெஸ்டெல் (பிரிட்டனின் தொலைபேசி வழித் தகவல் சேவை) வகை 1200/75: வருவது விநாடிக்கு 1200 பிட், போவது 75. பேஸ் நிறுவனத்தின் நைட்டிங்கேல் மோடமும் காம்ஸ்டார் ரோமும் அப்போது நிறையப் பேரிடம் இருந்தன. இப்போது அந்த இடத்தில் ஈஎஸ்பி8266 என்ற வைஃபை சிப் உட்காருகிறது. ஹேய்ஸ் பாணியில் ஏடி கட்டளைகளை ஏற்று, எண்ணைச் சுழற்றுவதற்குப் பதிலாக இணைய முகவரிக்கு இணைப்புப் போடும் ஃபர்ம்வேர்கள் இதற்கு இலவசமாகக் கிடைக்கின்றன. மெஷினைப் பொறுத்தவரை எதிரில் இருப்பது மோடம்தான்.

சீரியல் போர்ட் ஆர்எஸ்423. ஐந்து துளை, தாயக்கட்டையின் ஐந்து போல. ஏ உள்ளே வரும் தரவு, பி வெளியே போகும் தரவு, நடுவில் சி தரை, டி சிடிஎஸ் (அனுப்பலாமா என்று எதிர்ப்பக்கம் மெஷினுக்குச் சொல்லும் கம்பி), ஈ ஆர்டிஎஸ் (அதையே மெஷின் எதிர்ப்பக்கத்துக்குச் சொல்லும் கம்பி). இந்த அமைப்புள்ள பிளக் இங்கே கடைகளில் கிடைப்பது அரிது. பழைய ஆடியோ டின் பிளக்குகளை உடைத்து எடுத்த ஐந்து ஊசிகளுக்குத் தனித்தனியே ஹீட்ஷ்ரிங்க் போட்டு இங்கே செருகினார்கள். இதில் எதிர்பாராத லாபம் ஒன்று. முழுப் பிளக்கை எந்தத் திசையிலும் செருக முடியும், தலைகீழாகப் போனால் கம்பிகள் இடம் மாறி மோடம் ஊமையாகிவிடும். அது பிபிசிக்காரர்கள் எல்லோருக்கும் பழக்கமான அவஸ்தை. தனி ஊசிகளில் அந்தக் குழப்பமில்லை, ஒவ்வொன்றிலும் எழுத்து ஒட்டினால் போதும்.

ஆர்எஸ்423-க்கும் ஈஎஸ்பியின் 3.3 வோல்ட்டுக்கும் நடுவே மேக்ஸ்3232 என்ற மின்னழுத்த மாற்றிச் சிப். இதன் வெளியீடு பிளஸ் மைனஸ் 5 வோல்ட்டுக்குச் சற்று மேல், பிபிசிக்கு ஒத்துப்போகும். நீல நிறத்தில் ஒன்பது ஊசி கனெக்டரோடு விற்கும் சின்ன மேக்ஸ்3232 போர்டு இங்கே உதவாது. சிப்பில் இரண்டு சேனல் இருந்தாலும் அந்தப் போர்டு அனுப்பு, வாங்கு என்ற இரண்டு கம்பிகளை மட்டுமே வெளியே கொண்டுவருகிறது. ஆர்டிஎஸ், சிடிஎஸ் கம்பிகளுக்கு இரண்டாவது சேனலும் வேண்டும். 16 கால் டிப் சிப்பும் ஐந்து 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் வெரோ போர்டில் அரைமணி வேலை.

ஈஎஸ்பி8266-க்கு மின்சாரம் தனி மொபைல் சார்ஜரிலிருந்து. அனுப்பும் நேரத்தில் 300 மில்லிஆம்பியரைத் தாண்டித் துள்ளும் சாதனத்தைப் பழைய சப்ளையில் தொங்கவிட வேண்டியதில்லை. தரை மட்டும் பொது. ஜிபிஐஓ15 காலை ஆர்டிஎஸ்ஸாகப் பயன்படுத்துகிறவர்கள், சுவிட்ச் போடும் கணத்தில் அது கீழே இருக்க வேண்டும் என்பதை மறந்தால் சிப் எழவே எழாது. எழும்போது 74,880 வேகத்தில் சில வரி துப்பும். திரையில் குப்பையாக வரும், கோளாறு அல்ல.

பிபிசி பக்கம் *எஃப்எக்ஸ் 7,7 என்பது வாங்கும் வேகம் 9600. *எஃப்எக்ஸ் 8,7 அனுப்பும் வேகம் 9600. 8 போட்டால் 19,200. கையேடே அதற்கு உத்தரவாதம் தருவதில்லை.

9600-இல் இணைத்ததும் சின்ன வரிகள் ஒழுங்காக வந்தன. முழுப் பக்கம் வந்தால் நடுவில் எழுத்துகள் விழுந்தன, ஆர்டிஎஸ், சிடிஎஸ் இரண்டும் சரியாக இணைந்திருந்தும். இந்த ஆய்வில் அதிக நேரம் தின்றது இதுதான். வரும் எழுத்துகளைச் சேர்த்துவைக்கும் பிபிசியின் சீரியல் உள்ளீட்டுத் தாங்கி 256 பைட். அதில் 9 பைட் இடம் மிச்சம் இருக்கும்போதுதான் மெஷின் 'நிறுத்து' என்று ஆர்டிஎஸ்ஸை மாற்றும். எதிரில் மோடம் ஒவ்வொரு எழுத்தாக அனுப்பினால் 9 போதும். ஈஎஸ்பி8266-இன் சீரியல் பகுதிக்குள் 128 பைட் வரிசை இருக்கிறது. ஃபர்ம்வேர் சிடிஎஸ்ஸைப் பார்ப்பது அந்த வரிசையில் போடுவதற்கு முன்தான். வரிசையில் ஏறிவிட்டது நின்று கேட்காது. நிறுத்து என்ற பிறகும் 128 எழுத்து வரை வந்து விழும், இடமோ ஒன்பதுக்கு.

வேகத்தை 1200-க்குக் குறைத்தால் நோய் மறையும், ஆனால் 40-க்கு 24 பக்கம் ஒன்றின் 960 எழுத்துகள் வர 8 விநாடி ஆகும். அதற்குப் பதில் *எஃப்எக்ஸ் 203,150. தாங்கியில் 150 பைட் மிச்சம் இருக்கும்போதே மெஷின் நிறுத்தச் சொல்லும், அதற்குப் பின் வரும் 128-க்கும் இடம் இருக்கும். அதன் பிறகு எழுத்து விழவில்லை, பக்கமும் ஒரு விநாடியில் வந்தது. ஃபர்ம்வேரைத் தொடவே வேண்டியிருக்கவில்லை.

டெல்ஸ்டார் போன்ற இக்கால வியூடேட்டா (பிரெஸ்டெல் பாணியில் எழுத்துப் பக்கங்களை அனுப்பும்) சேவைகளுக்குப் போனால் மோடு 7 திரைக்கு அளவெடுத்துத் தைத்தது போலப் பக்கங்கள் வரும். இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். வியூடேட்டா மரபு 7 பிட், இரட்டைப்படைப் பேரிட்டி (ஒன்றுகளின் எண்ணிக்கையை இரட்டைப்படையாக்கச் சேர்க்கும் சோதனை பிட்). பிபிசி தொடக்கத்தில் 8 பிட், பேரிட்டி இல்லாமல் நிற்கும். மோடு 7 எழுத்துகளின் எட்டாவது பிட்டைக் கண்டுகொள்ளாது, ஆகவே பேரிட்டி பொருந்தாவிட்டாலும் எழுத்துகள் சரியாகவே தெரிந்து ஏமாற்றும். ஆனால் வரித் தொடக்கத்துக்குப் போகச் சொல்லும் 13-இல் மூன்று பிட் ஒன்று; பேரிட்டி பிட் சேர்ந்து 141 ஆகிவிடும். மோடு 7-இல் 141 என்றால் இரட்டை உயரம்! அடுத்த வரிக்கு இறக்கும் 10 மாறாமல் அப்படியே வரும். வரிகள் படிக்கட்டு போல இறங்கி, எழுத்துகளின் மேல்பாதி மட்டும் பெரிதாகத் தெரிந்தால் காரணம் இதுதான். *எஃப்எக்ஸ் 156,8,227 போட்டால் 7 பிட் இரட்டைப்படைப் பேரிட்டி. *எஃப்எக்ஸ் 156,20,227 பழைய நிலைக்குத் திருப்பும். இரண்டாவது, வண்ணக் குறிகள் எஸ்கேப்போடு ஓர் எழுத்தாக வரும். அந்த எழுத்தோடு 64 கூட்டித் திரைக்கு அனுப்பும் டெர்மினல் நிரல் வேண்டும். காம்ஸ்டார் அதைச் செய்யும். பேசிக்கில் எழுதிய நாலு வரி டெர்மினல் செய்யாது.

சுவர்

மீதியெல்லாம் முடிந்த பிறகு இணைப்பு இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை அறுந்தது. ரவுட்டர் முகப்பில். மெஷின் ரெண்டாங்கட்டு அறையில். நடுவில் செங்கல்லும் சுண்ணாம்புமாகத் தடித்த சுவர்கள், அவற்றின் மேல் செட்டிநாட்டுப் பூச்சு. ஈஎஸ்பி8266 பேசுவது 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும், ஆன்டெனாவோ போர்டில் வரைந்த செப்புக் கோடு. ரிப்பீட்டர் வாங்குவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும்.

மோடத்தையே நகர்த்துவது அதைவிட எளிது. கணினியும் மோடமும் ஒட்டியிருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. சீரியல் கம்பி தூரம் போகும் என்பதுதான் அதன் பழைய பெருமை. ஈஎஸ்பியையும் மேக்ஸ்3232-வையும் ஒரு சிறு பெட்டியில் போட்டு, முகப்பு வாசல் நேராகத் தெரியும்படி வளவுத் (நடுமுற்றத்துத்) தூண் ஒன்றின் உயரத்தில் கட்டி, அங்கிருந்து அறைக்கு 12 மீட்டர் நெட்வொர்க் கேபிள் இழுத்தார்கள். மேக்ஸ்3232 ஆர்எஸ்232 வகை என்பதால் 15 மீட்டருக்குள் நிற்பது முறை. கேபிளின் நான்கு ஜோடிகளில் ஒவ்வொரு சமிக்ஞைக்கும் ஒரு ஜோடி, ஜோடியின் மறுகம்பி எல்லாம் தரை. வரும் தரவையும் போகும் தரவையும் ஒரே ஜோடியில் முறுக்கினால் ஒன்றின் விளிம்பு மற்றதில் கேட்கும்.

திறந்த வளவை ஒட்டி ஓடும் கம்பி என்பதால் ஐப்பசி, கார்த்திகை இடிமழைக்கு முன் ஊசிகள் ஐந்தையும் மெஷினிலிருந்து உருவிவிட வேண்டும். சுவிட்சை அணைப்பது போதாது. பக்கத்தில் விழும் இடி கம்பியில் தூண்டும் மின்னழுத்தம் முதலில் காவு வாங்குவது டிஎஸ்88எல்எஸ்120 ரிசீவரை. அது எளிதில் கிடைக்காத சிப்.

நிபந்தனை காப்பாற்றப்பட்டதா என்று சோதிக்க ரிப்பனை உருவி, ரோமைக் கழற்றி, ஊசிகளை எடுத்துவிட்டு, பேசிக் நிரல் தொடங்கும் முகவரியான பேஜ் மதிப்பைக் கேட்டார்கள். 3584 வந்தது. பவர் சப்ளையில் மாற்றிய மூன்று கெப்பாசிட்டர்கள் மட்டுமே இனித் திரும்பாதவை.